எட்டா, பதினாறா?

புதிய லேப்டாப்பில் எவ்வளவு ரேம் வாங்குவது? மதுரைச் சீமைக் குடும்பங்களின் புதிய கவலை

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே புறப்பட்டு மீனாட்சியம்மன் கோயிலை நோக்கிச் செல்லும் டவுன்ஹால் ரோட்டில், ஆடித் தள்ளுபடிப் பதாகைகள் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், லேப்டாப் கடையொன்றின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மூன்று பேர் உள்ளே வந்தார்கள். உசிலம்பட்டிக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து காலைப் பஸ்ஸில் புறப்பட்டு ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள் என்பது தந்தையின் சட்டை முதுகில் படிந்திருந்த வியர்வையிலேயே தெரிந்தது. தாயாரின் கையிடுக்கில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் சுருட்டி வைத்த சுருக்குப் பை. அதற்குள் சீட்டு எடுத்த பணம். மகள் இன்ஜினீயரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். அந்த வம்சத்தில் அந்தப் படிப்புக்குப் போகிற முதல் பிள்ளை. மேஜைமேல் இரண்டு லேப்டாப்புகள் திறந்து வைக்கப்பட்டிருந்தன. நிறம் ஒன்று, திரை ஒன்று, கம்பெனிப் பெயர் ஒன்று. விலை மட்டும் வேறு.

"ரெண்டும் பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு தம்பி? இதுக்கு மட்டும் ஏன் இத்தனை ரூபா கூட?" என்றார் தந்தை.

"ரேம் வித்தியாசம்ண்ணே. அது எட்டு ஜிபி, இது பதினாறு. காலேஜ் பிள்ளைக்கு எட்டே தாராளம்ண்ணே" என்றார் கடைக்கார இளைஞர்.

"சீனியர் அக்கா பதினாறுதான் வாங்கச் சொன்னாங்கப்பா" என்று மகள் மெல்லச் சொன்னாள்.

அதுவரை வாய் திறவாதிருந்த தாயார் கேட்டார்: "இப்ப இதை எடுத்துக்கிட்டு, பெறகு வேணும்னா சேர்த்துப் போட்டுக்கிடலாமா தம்பி?"

இளைஞர் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து பார்த்தார். "இந்த மாடல்ல போட முடியாதுக்கா. ஆன்போர்டு" என்றார்.

எட்டா, பதினாறா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. ஆனால் கம்ப்யூட்டரைத் தொட்டறியாத அந்தத் தாயார் கேட்ட கேள்விதான், வாங்கியபின் வருஷக்கணக்காக வருத்தமா நிம்மதியா என்பதைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், பேட்டரி எத்தனை மணி என்று பலவற்றையும் விசாரித்துவிட்டு, பின்னால் திருத்திக்கொள்ள இயலாத அந்த ஒரு விஷயத்தை மட்டும் விற்பனையாளரின் ஒற்றை வார்த்தைக்கு விட்டுவிடுகிற வழக்கம் நம்மிடையே பரவலாக இருப்பதைக் காண மனம் வேதனையடைகிறது.

விரித்த சாக்கும் பின்னாலிருக்கும் கூடையும்

ரேம் என்று கடைக்காரர்கள் சொல்லும் நினைவகத்தையும், படங்களும் பாடங்களும் தங்கியிருக்கும் எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர் அநேகர்; இரண்டுக்கும் ஜிபி என்ற ஒரே அளவையைப் பயன்படுத்துவதே இதற்குக் காரணம். "ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி இருக்கும்போது எட்டு போதாதா?" என்று கேட்பவர்களைக் கடைதோறும் காணலாம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை தொடுக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் எளிதில் விளங்கும். பூக் குவியல் முழுவதும் பின்னாலுள்ள கூடையில் இருக்கிறது. தொடுப்பதற்கு வேண்டியதை மட்டும் ஈரச் சாக்கில் முன்னால் பரப்பிக்கொண்டு விரல்கள் ஓடுகின்றன. சாக்கு அகலமாயிருந்தால் மல்லிகையும் கனகாம்பரமும் மருவும் ஒருசேரக் கைக்கு எட்டும். குறுகலாயிருந்தால் ஒவ்வொரு கண்ணிக்கும் திரும்பிக் கூடைக்குள் கைவிட வேண்டியதுதான். கூடை எவ்வளவு பெரிதானாலும் சாக்கின் குறுகலை அது ஈடுசெய்யாது.

இயந்திரத்துக்குள் நிகழ்வதும் ஏறத்தாழ அதுவே. நினைவகம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் நின்றுபோவதில்லை. அந்நேரத்தில் உபயோகத்தில் இல்லாத பகுதிகளை எஸ்.எஸ்.டி.யில் கொண்டுபோய் எழுதிவிட்டு, மறுபடி வேண்டும்போது அங்கிருந்து மீட்டுக்கொண்டு வருகிறது. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஒரு நொடி ஆவதாகக் கற்பனை செய்துகொண்டால், அதே கணக்கில் எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்கக் கால்மணிக்கும் மேலாகும். பழைய ஹார்டு டிஸ்க்கானால் ஒரு நாளுக்கு மேலாகும். "ஹேங் ஆகுது" என்று நாம் சலித்துக்கொள்ளும் நிமிஷங்களில் பெரும்பாலானவை இந்தப் போக்குவரத்தில் கழிபவை.

எட்டு ஜிபி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது முழுவதும் வாங்கியவருக்குக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 11 எழுந்து உட்கார்ந்ததுமே மூன்று முதல் நான்கு ஜிபி வரை தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத சாதாரண லேப்டாப்பில், திரையில் சித்திரம் தீட்டும் காரியத்துக்கும் இதே நினைவகத்திலிருந்துதான் பங்கு போகிறது. மிச்சத்தில்தான் குரோம் பிரௌசரின் இருபது தாவல்களும், ஆன்லைன் வகுப்பும், வாட்ஸாப்பும் குடித்தனம் நடத்த வேண்டும்.

பெட்டிச் செய்தி: ஒரு கிலோபிட்டிலிருந்து
இன்றைய ரேமுக்கு மூலமான டிராம் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஐ.பி.எம். நிறுவனத்து விஞ்ஞானி ராபர்ட் டென்னார்ட். அதற்கான காப்புரிமை 1968இல் கிடைத்தது. 1970இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற சில்லில் ஒரு கிலோபிட் அடங்கியது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. ஆனால் அந்நிறுவனமே கோபைலட் பிளஸ் என்று முத்திரையிடும் லேப்டாப்புகளுக்கு 16 ஜிபி கட்டாயம். ஆப்பிள் தன் மேக்புக் ஏர் லேப்டாப்பின் ஆரம்ப அளவை 2024 அக்டோபரில் 8இலிருந்து 16ஆக உயர்த்தியது.

அரசு கொடுத்த பாடம்

நினைவகத்தின் தேவை எவ்வளவு துரிதமாக வளர்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணாவின் பிறந்த நாளன்று, அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாநில அரசின் எல்காட் நிறுவனம் வாங்கி வழங்கிய முதல் இயந்திரங்களில் இருந்தது 2 ஜிபி ரேம். சேமிப்புக்கு 320 ஜிபி ஹார்டு டிஸ்க். 2025 மார்ச் மாதத்து பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த புதிய திட்டத்தில் அதே எல்காட் கேட்டு வாங்கியது 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும். பதினைந்து ஆண்டுகளுக்குள் நான்கு மடங்கு. அதுவும் ஆடம்பரத்துக்காக அன்று. வகுப்பறைக்கு இன்றியமையாதது இவ்வளவு என்று ஓர் அரசாங்கம் கணக்கிட்டுப் பார்த்த குறைந்தபட்சம்.

முதல் திட்டத்து மடிக்கணினிகளின் பிற்கால வாழ்க்கைதான் எனக்குப் பெரும் பாடமாகத் தோன்றுகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரிக்குப் போய், கல்லூரி முடித்து, தம்பி தங்கையின் கைக்கு அது வந்து சேர்ந்த காலத்தில் 2 ஜிபி எதற்கும் போதாமற் போயிற்று. ஆயினும் அந்த லேப்டாப்பின் அடிமூடியில் நான்கைந்து திருகுகளைக் கழற்றினால், உள்ளே விரல் நீளப் பலகை ஒன்று ஸ்லாட்டில் செருகப்பட்டிருக்கும். இரு புறத்துக் கொக்கிகளையும் கட்டைவிரல்களால் விலக்கினால் அது சாய்வாக எழுந்து நிற்கும். உருவியெடுத்துவிட்டுப் பெரிய அளவுள்ளதை அதே சாய்வில் நுழைத்து, "டிக்" என்று கொக்கி விழும்வரை அழுத்தினால் வேலை முடிந்தது. சர்வீஸ் கடைகளில் நினைவகத்தைக் கூட்டி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டிக்கொண்டு, அந்த மடிக்கணினிகள் பல இன்னும் சில வருஷங்கள் உழைத்தன. அரசு கொடுத்தது 2 ஜிபிதான்; அந்த ஸ்லாட்டும் கொக்கியும் கொடுத்தவை, அதைப் பெருக்கிக்கொள்ளும் சுதந்திரம்.

ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான்

அந்தச் சுதந்திரம் இன்று மெல்லச் சுருங்கி வருகிறது. மெலிந்த லேப்டாப்பையே உலகம் விரும்புகிறது. பேட்டரி நெடுநேரம் நிற்க வேண்டும் என்கிறது. இவ்விரண்டுக்கும் இசைவாக, எல்.பி.டி.டி.ஆர். என்ற சிக்கனமான நினைவகச் சில்லுகளைத் தாய்ப்பலகையின் மீதே சோல்டர் செய்து ஒட்டிவிடுகிறார்கள். கடைக்கார இளைஞர் "ஆன்போர்டு" என்றது இதைத்தான். மின்சாரம் குறைவாகச் செலவாகிறது, வேகமும் கூடுகிறது; இந்த நன்மைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒட்டிய சில்லைச் சாதாரண சர்வீஸ் கடையில் பெயர்த்து வேறொன்றை வைக்க இயலாது. சில்லு பழுதானாலும் தாய்ப்பலகையையே மாற்ற நேரும். அதன் விலையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் புது லேப்டாப்பைப் பற்றித்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

ஆகையால், ஒட்டப்பட்ட நினைவகம் கொண்ட லேப்டாப்பை வாங்குகிறவர் இன்றைய தேவைக்கு வாங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தாலும், நான்காவது வருஷத்துத் தேவையையும் அன்றே தீர்மானித்துவிடுகிறார். முதல் வருஷத்தில் சி மொழியில் பத்து வரி நிரல் எழுதும் மாணவிக்கு எட்டு ஜிபி உண்மையிலேயே தாராளம். கடைக்கார இளைஞர் சொன்னது பொய்யன்று. அதே மாணவி மூன்றாம் வருஷத்தில் மொபைல் செயலி எழுதப் புகுந்தால், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் அதன் எமுலேட்டர் என்ற போலிக் கைபேசியையும் சேர்த்து ஓட்டக் குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. கடைசி வருஷத்து புராஜெக்ட் செய்யும்போது லேப்டாப்பை மாற்ற வசதியுள்ளவர்கள் மாற்றிக்கொள்வார்கள். சீட்டுப் பணத்தில் வாங்கிய குடும்பம் என்ன செய்யும்? விடுதியில் தோழியின் லேப்டாப் ஓயும் நேரம் பார்த்துக் காத்திருப்பது, லேப் மூடும்வரை உட்கார்ந்திருந்து கடைசிப் பஸ்ஸைத் தவறவிடுவது, புராஜெக்டில் தன் பங்கை மற்றவர் செய்துகொள்ள விட்டுவிட்டு ரெக்கார்டு எழுதும் வேலையை ஏற்றுக்கொள்வது. இப்படித்தான் நினைவகப் பற்றாக்குறை ஒரு மாணவியின் கல்வியில் வந்து விடிகிறது. நேர்காணலில் "நீங்கள் செய்தது எந்தப் பகுதி?" என்று கேட்கும்போது அவள் தயங்கி நிற்பதற்கான காரணம், ஆடி மாதத்து டவுன்ஹால் ரோட்டில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாயில் இருக்கக்கூடும்.

ஏறிய விலை

அந்தச் சில ஆயிரமும் இப்போது முன்போல் சில ஆயிரமாக இல்லை. உலகின் டிராம் நினைவகத்தில் மிகப் பெரும்பகுதியைச் செய்பவை மூன்றே நிறுவனங்கள்: கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்காக எழுப்பப்படும் பிரம்மாண்டமான டேட்டா சென்டர்களுக்கு எச்.பி.எம். என்ற விசேஷ நினைவகம் வேண்டியிருக்கிறது. அதில் ஒரு ஜிபி செய்யச் கம்ப்யூட்டர்களுக்கான சாதாரண டி.டி.ஆர்.5 ரேம் செய்வதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கன் தகடு செலவாகிறது. லாபம் அங்கே அதிகம் என்பதால் ஆலைகள் அப்பக்கம் திரும்பின. 2025இன் பிற்பகுதியில் கடைகளில் விற்கும் டி.டி.ஆர்.5 ரேமின் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. பல ஆண்டுகளாகச் சாமானியர்கள் வாங்கிவந்த குருஷியல் என்ற சில்லறை விற்பனைப் பிராண்டைக் கைவிடப் போவதாக மைக்ரான் 2025 டிசம்பர் 3ஆம் தேதி அறிவித்தது.

இதன் பலன் மதுரைக் கடைவீதியில் இரண்டு விதமாகத் தெரிகிறது. பதினாறு உள்ள லேப்டாப்புக்கும் எட்டு உள்ளதற்கும் இடையிலான விலை வித்தியாசம் அகன்றுவிட்டது. எனவே எட்டை எடுத்துக்கொள்ளும் ஆசை வலுக்கிறது. "பிறகு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்" என்பது ஸ்லாட் உள்ள லேப்டாப்பிலும்கூட முன்போல் மலிவான காரியமாக இல்லை. ஆயினும் ஸ்லாட் இருந்தால் விலை இறங்கும் காலம்வரை காத்திருக்கலாம்; நினைவகத்தின் விலை ஏறுவதும் சரிவதும் அந்த வியாபாரத்தின் பழைய இயல்பு. ஸ்லாட் இல்லாதவருக்குக் காத்திருப்பதால் பிரயோஜனமில்லை.

யாருக்கு எவ்வளவு?

கீழமாசி வீதி மண்டிகளில் டேலியில் கணக்கெழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து, பில் அடிக்கிறவருக்கு எட்டு ஜிபி போதும். அவரிடம் பதினாறு வாங்கச் சொல்வது அநாவசியச் செலவு. வீட்டில் மின்கட்டணம் கட்டவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் முகம் பார்த்துப் பேசவும் வாங்குகிற ஓய்வுபெற்றவருக்கும் அப்படியே. கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ வணிகவியலோ படிக்கும் மாணவருக்கு எட்டு இன்று போதுமானது. ஆனால் கூடுதலாக ஒரு ஸ்லாட் உள்ளதாகப் பார்த்து வாங்குவது விவேகம்.

இன்ஜினீயரிங் மாணவருக்குப் பதினாறுக்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கும் இது பொருந்தும். ஆட்டோகேடுக்கு அடிப்படை எட்டு என்று சொல்லும் ஆட்டோடெஸ்க் நிறுவனம், பரிந்துரையாக முப்பத்திரண்டைக் குறிப்பிடுகிறது. இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களில் வேலை பார்த்துக்கொண்டே சொந்த லேப்டாப்பில் புதியன பயில்கிறவர்கள் பதினாறில் தொடங்கி முப்பத்திரண்டுக்கு வழி வைத்துக்கொள்வது நல்லது.

மேலூரிலும் திருமங்கலத்திலும் முகூர்த்த நாள்தோறும் வீடியோ எடுத்து, இரவெல்லாம் எடிட்டிங் செய்கிற இளைஞர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண எச்.டி. படத்துக்குப் பதினாறும் 4கே படத்துக்கு முப்பத்திரண்டும் வேண்டும் என்று பிரீமியர் மென்பொருளைச் செய்யும் அடோபி கூறுகிறது. இவர்களுக்கு நினைவகம் மூலதனம். எட்டு ஜிபியில் ஒரு கல்யாண வீடியோவை முடிக்க நேரும் தாமதம், அடுத்த முகூர்த்தத்து வேலையை ஏற்க முடியாமல் செய்துவிடும். லேப்டாப்பில் மிச்சம் பிடித்ததை ஒரே சீசனில் இழந்துவிடுவார்கள்.

பெட்டிச் செய்தி: கடையிலேயே பார்த்துவிடுங்கள்
திறந்து வைத்த லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற வரியில் "எஸ்.ஓ.டிம்" என்றிருந்தால் ஸ்லாட்டில் செருகிய ரேம்; "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் ஒட்டியது. சில மாடல்களில் பாதி ஒட்டியும் பாதி ஸ்லாட்டுமாக இருக்கும். கம்பெனியின் விவரப் பட்டியலில் அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டி.டி.ஆர்.4 ரேம் டி.டி.ஆர்.5 ஸ்லாட்டில் பொருந்தாது. அடிமூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பதைப் பில் போடுவதற்கு முன் கேளுங்கள்.

பணம் உண்மையிலேயே போதாதவருக்கு என்ன வழி? ஒட்டிய எட்டு ஜிபி கொண்ட மெல்லிய புது லேப்டாப்பைக் காட்டிலும், இரண்டு ஸ்லாட்டுகள் உள்ள, சற்றுத் தடித்த, சாதாரண தோற்றமுள்ள மாடல் மேல். எஸ்.எஸ்.டி.யின் அளவைக் குறைத்து ரேமைக் கூட்டிக்கொள்வதும் நல்ல யோசனை. சேமிப்பிடம் போதாவிட்டால் வெளியில் ஒரு டிஸ்க்கை இணைத்துக்கொள்ளலாம், ரேமை வெளியிலிருந்து இணைக்க வழியில்லை. பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் உபயோகித்துக் கழித்த லேப்டாப்புகளைப் புதுப்பித்து விற்கிறார்கள்; அவற்றில் ஸ்லாட் உள்ளவை நிறைய. நம்பகமான கடையும், எழுத்தில் உத்தரவாதமும் இருந்தால் அவற்றை வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

அரசு மடிக்கணினியைப் பெற்றிருக்கும் மாணவர்கள், அந்த எட்டு ஜிபியை நன்கு உபயோகிப்பதற்கு வழி இருக்கிறது. இயந்திரம் எழும்போதே தானாகத் தொடங்கும் செயலிகளை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்தி வைக்கலாம். வேண்டாத தாவல்களை மூடலாம். விண்டோஸை விடக் குறைந்த நினைவகத்தில் ஓடும் லினக்ஸில் நிரல் எழுதிப் பழகலாம். கணினித் துறையில் வேலை தேடுகிறவருக்கு லினக்ஸ் பழக்கம் தனி லாபமுமாகும்.

எல்காட் நிறுவனத்தாரிடமும் ஒரு விண்ணப்பம். இனி விடப்படும் மடிக்கணினி டெண்டர் ஒவ்வொன்றிலும், ரேம் எத்தனை ஜிபி என்ற வரிக்கு அடுத்த வரியாக, காலியான ரேம் ஸ்லாட் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பதும், மாணவர் தம் செலவில் ரேம் சேர்த்துக்கொண்டால் வாரண்டி ரத்தாகாது என்பதும் நிபந்தனையாக நிற்க வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குகிற அரசு கேட்டால் கம்பெனிகள் மறுக்க மாட்டா. மேலூரிலோ பேரையூரிலோ தனியொரு தகப்பனார் கேட்டால் யார் செவிசாய்ப்பார்கள்?